பூட்டை உடைக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க

போன வாரம் எங்க ஆபீஸ்ல ஒரு சின்னச் சண்டை. ஒரு கூகுள் ஷீட்டுல ஏழு பேர் ஒரே நேரத்துல அவங்கவங்க வேலை மணிக்கணக்கை நிரப்பிட்டு இருந்தோம். நடுவுல ஒரு புண்ணியவான் பேர் வரிசைப்படி இருக்கட்டும்னு மொத்த ஷீட்டையும் 'சார்ட்' பண்ணிட்டாரு. அவ்வளவுதான். என்னோட வரிசை எங்கியோ மேல போயிடுச்சு. நான் பாட்டுக்குப் பழைய இடத்துலயே தட்டிட்டு இருந்தேன். என்னோட எட்டு மணி நேரம் வேற ஒருத்தர் கணக்குல ஏறிடுச்சு.

உடனே பட்டிமன்றம் ஆரம்பம். "எக்செல்லா இருந்தா இப்படி ஆகுமா? ஒருத்தர் தொறந்தா அடுத்தவனுக்குப் பூட்டு"ன்னு ஒரு கட்சி. "அந்தப் பூட்டு ஒழிஞ்சதே நல்லது, மத்தியானம் வரைக்கும் காத்துக் கிடக்கணும்"னு எதிர்க்கட்சி. வழக்கமா இந்த மாதிரி வாதத்துல முதல் ஆளா குதிக்கற நான் வாயே தொறக்கலை. ஏன்னா அந்தப் பூட்டோட எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. அதைத்தான் இன்னிக்கு எழுதலாம்னு.

என்னோட கருத்தை மொதல்லயே சொல்லிடறேன். பைலைப் பூட்டற பழக்கம் போனது நல்லதுதான். ஆனா அந்தப் பூட்டு ஒரு வேலை செஞ்சுட்டு இருந்துச்சு. 'இப்ப இது யாரோட முறை'ன்னு சொல்லிட்டு இருந்துச்சு. அந்த வேலையை இனிமே யார் பாக்கறதுன்னு முடிவு பண்ணாமலே நாம பூட்டைக் கழட்டி வீசிட்டோம்.

முறைன்னு சொன்னதும் எனக்கு ஞாபகம் வர்றது எங்க அப்புச்சி தோட்டத்துக் கிணறு. காங்கேயம் பக்கம். மூணு பங்காளிகளுக்குப் பொதுக் கிணறு. நம்ம பக்கத்துப் பதிவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பாகம் பிரிக்கும்போது நிலத்தைப் பிரிச்சுடலாம், கிணத்தைப் பிரிக்க முடியாது. அதனால நாளைப் பிரிப்பாங்க. இன்னிக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு, நாளன்னிக்கு அவனுக்கு. அடுத்தவன் முறையில மோட்டாரைப் போட்டா வெட்டுக்குத்து வரைக்கும் போகும். பெரிய அளவுல பாத்தா பி.ஏ.பி. பாசனமும் இதேதான். பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணிக்கு ஆயக்கட்டை நாலு மண்டலமாப் பிரிச்சு, மண்டலத்துக்கு மண்டலம் முறை வெச்சுத்தான் தொறந்து விடறாங்க.

எக்செல் பைலும் ஒரு பொதுக் கிணறுதான். அதுல ஒரு கொடுமை என்னன்னா, கிணத்துல ஒரு குடம் தண்ணி மொண்டாலும் அன்னிக்கு நாள் பூராவும் அது உங்க முறை.

ஏன் அப்படி? கொஞ்சம் டெக்னிக்கலா பேசுவோம், பொறுத்துக்கங்க. 1979-ல டேன் ப்ரிக்ளினும் பாப் ஃப்ராங்க்ஸ்டனும் விசிகால்க் கொண்டு வந்தப்ப அது ஒரு ஆள், ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டருக்கான சமாச்சாரம். அப்புறம் 1983-ல லோட்டஸ் 1-2-3, 1985-ல மேக்குக்கு எக்செல், 1987-ல விண்டோஸுக்கு எக்செல். இவங்க யாரும் ஒரே ஷீட்டை நாலு பேர் சேர்ந்து எழுதுவாங்கன்னு நெனச்சு அஸ்திவாரம் போடலை. ஷீட்டுங்கறது மெமரில மொத்தமா ஏறும், சேவ் பண்ணினா மொத்தமா எறங்கும். ஒரு செல்லுல ஒரு எண்ணை மாத்தினாலும் பைல் முழுசா புதுசா எழுதப்படும். இப்ப இருக்கற எக்ஸ்எல்எஸ்எக்ஸ் பைல் உண்மையில ஒரு ஜிப் மூட்டை. மூட்டைக்குள்ள ஒரு வரியை மட்டும் பூட்ட முடியாது. மூட்டையையே பூட்டணும்.

ஆனா பக்கத்துலயே ஃபாக்ஸ்ப்ரோ இருந்துச்சு. அதுல மொத்த பைலைப் பூட்ட ஒரு கட்டளை, ஒரே ஒரு ரெக்கார்டை மட்டும் பூட்ட இன்னொரு கட்டளை. நீங்க பத்தாவது வரியைத் திருத்தும்போது நான் இருபதாவது வரியைத் திருத்தலாம். யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை. டேட்டாபேஸ்காரங்களுக்கு எப்பவோ தெரிஞ்ச சங்கதி ஷீட்டுக்கு வர்றதுக்குப் பல வருஷம் ஆச்சு.

எக்செல் என்ன பண்ணுச்சுன்னா, சர்வர்ல இருக்கற பைலை நீங்க தொறந்ததும் பக்கத்துலயே அதே பேருல ஒரு மறைவு பைல் போடும். முன்னாடி ஒரு அலைக்குறி, ஒரு டாலர் குறி இருக்கும், பாத்திருப்பீங்க. அதுக்குள்ள தொறந்தவரோட பேர் இருக்கும். ரெண்டாவதா தொறக்க வர்றவருக்கு 'இன்னார் பூட்டி வெச்சிருக்கார்'னு பெட்டி வரும். படிக்க மட்டும் தொறக்கலாம், இல்லேன்னா அவர் முடிச்சதும் சொல்லுன்னு கேக்கலாம், இல்லேன்னா திரும்பிப் போகலாம். லிப்ரெஆபீஸும் இதே மாதிரி ஒரு மறைவு பைல் போட்டுத்தான் பூட்டுது.

இதுல ஒரு நகைச்சுவை இருக்கு. அந்தப் பெட்டில வர்ற பேர், ஆபீஸ் மென்பொருளைப் போடும்போது குடுத்த பேர். நம்மூர்ல ஒரே ஆள் வந்து இருபது சிஸ்டத்துக்கும் போட்டுட்டுப் போயிடுவாரு. எல்லாத்துலயும் 'யூசர்'னுதான் இருக்கும். 'யூசர் பூட்டி வெச்சிருக்கார்'. யாருய்யா அந்த யூசர்? :-)

இப்ப என் கதைக்கு வர்றேன்.

2018-ல இன்ஜினியரிங் முடிச்சு வேலை கிடைக்காம சுத்திட்டு இருந்தப்ப, சொந்தக்காரர் ஒருத்தர் சிபாரிசுல திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில சேர்ந்தேன். பேரு வேண்டாம். ஈ.டி.பி. ஆளுன்னு பேரு. பிரிண்டர்ல பேப்பர் மாட்டறதுல இருந்து சர்வர் பாத்துக்கறது வரைக்கும் நான்தான். அங்க மொத்தக் கம்பெனியும் ஒரு எக்செல் ஷீட்டு மேல நின்னுட்டு இருந்துச்சு. ஆர்டர் ஸ்டேட்டஸ் ஷீட். பையர், ஸ்டைல், கலர், நூல் வந்த தேதி, நிட்டிங், சாயப்பட்டறைக்குப் போனது, துணி வந்த கிலோ, சைஸ் ரேஷியோ, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், ஷிப்மெண்ட்... எல்லாம் ஒரே ஷீட்டுல. தெனமும் பத்துத் தடவையாவது "ஏனுங்க, யாருங்க ஸ்டேட்டஸ் ஷீட்டைத் தொறந்து வெச்சிருக்கறது, மூடுங்க"ன்னு ஆபீஸ் பூரா சத்தம் கேக்கும்.

ஒரு நாள் மத்தியானம். மெர்ச்சண்டைசர் அண்ணனுக்குப் பையர்கிட்ட இருந்து மெயில். ஒரு 6,000 பீஸ் ஆர்டருக்கு சைஸ் ரேஷியோ மாறுது. மொதல்ல எஸ், எம், எல், எக்ஸ்எல் நாலுக்கும் 1:2:2:1. இப்ப 1:1:2:2. அதாவது எம் சைஸ் 2,000 இருந்தது 1,000 ஆகுது, எக்ஸ்எல் 1,000 இருந்தது 2,000 ஆகுது. சாயங்காலம் கட்டிங் மாஸ்டர் வந்து ஷீட்டைப் பிரிண்ட் எடுப்பாரு. அதுக்குள்ள மாத்தணும். தொறந்தா பூட்டு. 'யூசர்'.

ரெண்டு தடவை சத்தம் போட்டுப் பாத்தாரு. யாரும் பதில் சொல்லலை. அவருக்கு வெளிய மீட்டிங், நேரமாச்சு. "தம்பி, நீதான் கம்ப்யூட்டர் படிச்ச பையனாச்சே, எதையாவது பண்ணு"ன்னாரு.

நான் பண்ணினேன். சர்வர்ல போய், திறந்திருக்கற பைல்களோட பட்டியலை எடுத்து, அந்த ஷீட்டைத் தேடி, 'மூடு'ன்னு குடுத்தேன். பூட்டு கழண்டுடுச்சு. உள்ளுக்குள்ள ஒரு பெருமை வேற. அண்ணன் ரேஷியோவை மாத்தினாரு, சேவ் பண்ணினாரு, கிளம்பிட்டாரு.

பூட்டி வெச்சிருந்தது பிளானிங்ல இருந்த ஒரு அக்கா. அந்தக் கம்பெனில பதினோரு வருஷம் இருந்தவங்க. ஷீட்டைத் தொறந்து வெச்சுட்டு சாப்பிடப் போயிருந்தாங்க. சாப்பாட்டு ரூம் என் சீட்டுல இருந்து இருபது அடி.

சாப்பிட்டு வந்து, அவங்க ஸ்கிரீன்ல இருந்த பழைய ஷீட்டுலயே துணி வந்த கிலோவைப் போட்டாங்க. சேவ் பண்ணினாங்க. அப்ப ஒரு பெட்டி வந்திருக்கு. நீங்க கடைசியா சேவ் பண்ணினதுக்கு அப்புறம் வேற யாரோ இதை மாத்தியிருக்கலாம், காப்பியா சேவ் பண்ணவா, அந்த மாத்தத்து மேலயே எழுதவா அப்படின்னு இங்கிலீஷ்ல. ஒரு நாளைக்கு நூறு பெட்டி பாக்கறவங்க, எதையோ அமுக்கினாங்க. மேலயே எழுதிடுச்சு. புது ரேஷியோ போயிடுச்சு, பழைய ரேஷியோ திரும்ப வந்துடுச்சு. ஷீட்டைப் பாத்தா ஒரு சந்தேகமும் வராது. சுத்தமா இருந்துச்சு.

கட்டிங் மாஸ்டர் பிரிண்ட் எடுத்துட்டுப் போனாரு. ரெண்டு நாள்ல 6,000 பீஸும் வெட்டியாச்சு. மூணாவது நாள்தான் தெரிஞ்சுது. எம் சைஸ்ல 1,000 பீஸ் அதிகம், எக்ஸ்எல்ல 1,000 பீஸ் பத்தாது. எம்மை எக்ஸ்எல் ஆக்க முடியாதுங்களே. வெட்டின துணி வெட்டினதுதான். மறுபடி நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சாயம் போட்டு... அதுலயும் ரெண்டாவது லாட் மொத லாட்டோட ஷேடுக்குச் சேரணும். திருப்பூர்ல வேலை பாத்தவங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் புரியும்.

விசாரணை நடந்துச்சு. அண்ணன் "நான் மாத்தினேன்"னாரு. ஷீட்டுல மாத்தின தடயமே இல்லை. கடைசியா சேவ் பண்ணினது அக்காவோட சிஸ்டம். எல்லார் முன்னாடியும் வெச்சு மொதலாளி கேட்ட கேள்விகளை நான் இங்க எழுத விரும்பலை. அக்கா "நான் ரேஷியோவைத் தொடவே இல்லீங்க"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. உண்மை. அவங்க தொடலை.

என்ன நடந்துச்சுன்னு முழுசாத் தெரிஞ்ச ஒரே ஆள் நான். அந்த ரூம்ல கதவோரமா நின்னுட்டு இருந்தேன். பேசலை. மூணு மாசம் கழிச்சு சரவணம்பட்டில சாஃப்ட்வேர் வேலை கிடைச்சுது, வந்துட்டேன். அதுக்கு முன்னாடியே அக்கா வேலையை விட்டு நின்னுட்டாங்க.

சரி, இதுல எக்செல் மேல தப்பா? நான் ரொம்ப நாள் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன். அது பூட்டைச் சரியாத்தான் போட்டுச்சு. நான் உடைச்சேன். உடைச்சதுக்கு அப்புறமும் 'யாரோ மாத்தியிருக்காங்க'ன்னு எச்சரிக்கை குடுத்துச்சு. அடுத்தவன் முறையில ராத்திரியோட ராத்திரியா மோட்டாரைப் போட்டது நான்தான்.

இப்ப இன்னிக்கு நிலைமைக்கு வருவோம். பூட்டே இல்லாம நாலு பேர் சேர்ந்து எழுதற யோசனை புதுசில்லை. எல்லிஸ், கிப்ஸ்னு ரெண்டு பேர் 1989-லயே இதுக்கான கணக்கை எழுதி வெளியிட்டாங்க. நான் அஞ்சாவது எழுத்துல ஒண்ணைச் சேர்த்தா, நீங்க பத்தாவது எழுத்துல செய்யற மாத்தம் பதினொண்ணாவதுக்குத் தானா நகரணும். சுருக்கமாச் சொன்னா அவ்வளவுதான். கூகுள் ஸ்ப்ரெட்ஷீட் 2006-ல வந்துச்சு. நம்ம சோஹோவும், அப்ப அட்வென்ட்நெட்னு பேரு, அதே 2006-ல சோஹோ ஷீட்டைக் கொண்டு வந்துட்டாங்க. எக்செல் இடையில 'ஷேர்டு ஒர்க்புக்'னு ஒண்ணு வெச்சிருந்துச்சு. அதைப் போட்டா டேபிள் போட முடியாது, செல்லை ஒண்ணு சேர்க்க முடியாது, பைல் வீங்கும். இப்ப அதை மெனுவுல இருந்தே மறைச்சுட்டாங்க. அதுக்குப் பதிலா 2017 வாக்குல டெஸ்க்டாப் எக்செல்லுக்கும் சேர்ந்து எழுதற வசதி வந்துடுச்சு. ஆனா ஒண்ணு கவனிங்க. அதுக்குப் பைல் ஒன்டிரைவ்லயோ ஷேர்பாயிண்ட்லயோ இருக்கணும். ஆபீஸ் மூலைல இருக்கற சர்வர்ல போல்டரை ஷேர் பண்ணி வெச்சிருந்தா இன்னிக்கும் அதே பூட்டுதான், அதே 'யூசர்'தான். நம்ம பக்கத்துச் சின்னக் கம்பெனிகள்ல இன்னும் நெறைய பேர் அங்கதான் இருக்காங்க.

புது முறைல என்ன ஆகுதுன்னா, சண்டை பைல்ல இருந்து செல்லுக்கு எறங்கிடுச்சு. ஒரே செல்லை ரெண்டு பேர் மாத்தினா கடைசியா எழுதினவர் ஜெயிப்பாரு. எந்தப் பெட்டியும் வராது, யாரையும் கேக்காது. எக்செல் எனக்குக் குடுத்த அந்த ஒரு எச்சரிக்கை கூட இங்க இல்லை. பழைய பதிப்புகள் சேமிப்புல இருக்கும், யார் எப்ப மாத்தினாங்கன்னு தேடி எடுக்கலாம், அது பெரிய வரம்தான். அன்னிக்கு அது இருந்திருந்தா அக்கா தலை நிமிர்ந்து நின்னிருப்பாங்க. ஆனா ஒண்ணு, தேடணும்னு தோணினாத்தான் தேடுவோம். ஷீட் சுத்தமா இருந்தா யாருக்குத் தோணும்?

"எக்செல்லை விட்டுட்டு ஈ.ஆர்.பி. போடலாமே"ன்னு சிலர் கேப்பீங்க. போடலாம். ஆனா இருபது பேர் இருக்கற ஜாப் ஒர்க் யூனிட்டுல, நாளைக்கு ஒரு காலம் சேர்க்கணும்னா சாஃப்ட்வேர்காரனுக்குப் போன் பண்ணிட்டு உக்காந்திருக்க முடியாது. ஷீட்டு அவங்களுக்குத் தெரிஞ்ச பாஷை. அதைப் பிடுங்காதீங்க. முறையை மட்டும் வெச்சுக் குடுங்க. எனக்குத் தெரிஞ்ச அளவுல நாலு விஷயம்:

1. இருபது சிஸ்டத்துலயும் ஆபீஸ் செட்டிங்ஸ்ல அவங்கவங்க பேரைப் போடுங்க. மொத்தமா அரை மணி நேர வேலை. 'யூசர்'னு ஒரு ஆள் உலகத்துல கிடையாது.

2. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் வேணும். ரேஷியோ மெர்ச்சண்டைசரோடது, கிலோ பிளானிங்கோடது. மத்தவங்களுக்கு அந்த இடத்தைப் பூட்டிடுங்க. கூகுள் ஷீட்டு, சோஹோ ஷீட்டு ரெண்டுலயும் இந்த வசதி இருக்கு. ஃபாக்ஸ்ப்ரோ வரியைப் பூட்டின மாதிரி, அளவான பூட்டு.

3. பொது ஷீட்டுல சார்ட் பண்ணாதீங்க. உங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி ஃபில்டர் வியூ போட்டுப் பாருங்க. (எங்க ஆபீஸ் புண்ணியவான் இதைப் படிப்பாருன்னு நம்பறேன்.)

4. துணியை வெட்டற மாதிரி, திரும்ப வராத வேலைக்கு முன்னாடி ஷீட்டை மட்டும் நம்பாதீங்க. ரேஷியோ குடுத்தவர்கிட்ட ஒரு தடவை வாய் விட்டுக் கேட்டுடுங்க.

இதெல்லாம் நான் பெரிய மேதாவி மாதிரி எழுதறேன், இல்லீங்களா? இந்த நாலையும் நான் கத்துக்கிட்டது போன தீபாவளி சமயத்துல. திருப்பூர்ல இருந்து கோயமுத்தூர் வர்ற பஸ்ல அவிநாசில ஏறினாங்க அந்த அக்கா. இப்ப வேற ஒரு கம்பெனில இருக்காங்க, பையன் ப்ளஸ் டூ படிக்கறானாம். பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. கருமத்தம்பட்டி தாண்டற வரைக்கும் ஊர்க்கதை பேசிட்டு இருந்தேன். அப்புறம் சொல்லிட்டேன். சர்வர்ல போய் மூடினது நான்தானுங்க அக்கா, அன்னிக்கு நீங்க தொடலைன்னு எனக்குத் தெரியும், நான் வாயைத் தொறக்கலை.

திட்டுவாங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் பாத்துட்டு இருந்தாங்க.

"அப்பவே நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னனுங்க தம்பி, நான் அதைத் தொடலைன்னு. அவரு மட்டும்தான் நம்புனாரு"ன்னாங்க. அப்புறம், "நான் சாப்பிட்டுட்டுத்தானுங்க இருந்தேன். வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா எந்திரிச்சு வந்து மூடிக் குடுத்திருப்பனே"ன்னாங்க.

அதுக்கு என்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பதில் இல்லை. இருபது அடி.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு 'யூசர்' கதை இருக்கும். இருந்தா எழுதுங்க, படிக்கறேன்.

டிஸ்கி: அப்புச்சி தோட்டத்துக் கிணத்துல இன்னும் அதே முறைதான் நடக்குது. ஒரு நாள் மாத்திக்கணும்னா பங்காளி வீட்டுக்கு நேர்ல போய்க் கேக்கணும். போன்ல கேட்டா ஒத்துக்க மாட்டாங்க.